சோதனையில் தேறியவரும் சிக்கியவரும்

மாணவர்களே, இன்று வீட்டில் அப்பா அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “2014 நவம்பரில் டத்தோ லீ சோங் வெய் பற்றிய செய்தி வந்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?”

உங்களில் பலர் அப்போது பாலர் பள்ளிப் பிள்ளைகள். பெரியவர்களுக்கோ அது மறக்க முடியாத செய்தி. 199 வாரங்கள் தொடர்ந்து உலகின் முதல் நிலையில் இருந்த பூப்பந்து வீரர் அவர். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் ஒலிம்பிக் வெள்ளி வென்றவர். அவர் ஆடும் நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையானாலும் கிள்ளான் மாமாக் கடையானாலும், திரைக்கு முன்னால் இனம், மொழி பாராமல் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்டவரின் உடலில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாகச் செய்தி வந்தது.

உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. “எங்கள் சோங் வெய் அப்படிச் செய்யவே மாட்டார்” என்றது ஒரு கட்சி. “சோதனையில் சிக்கிவிட்டாரே, இனி என்ன பேச்சு?” என்றது மற்றொன்று. முதல் கட்சி அன்பை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவது சந்தேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. சான்று இரண்டு பேரிடமும் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் அறிவியல் என்ன செய்கிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2014 ஆகஸ்டு மாத இறுதியில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் உலக பூப்பந்து வெற்றியாளர் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் சீனாவின் சென் லோங்கிடம் தோற்று லீ சோங் வெய் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியின்போது அவரிடம் பெற்ற சிறுநீர் மாதிரியில் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. நவம்பரில் நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் இரண்டாவது மாதிரியையும் சோதித்தார்கள். அதிலும் அதே மருந்து. உலக பூப்பந்து சம்மேளனம் அவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது.

அப்போது அவருக்கு வயது 32. இரண்டு ஆண்டுகள் வரை தடை வரலாம் என்ற நிலை. அப்படி வந்திருந்தால் 2016 ரியோ ஒலிம்பிக் கனவு அத்தோடு முடிந்திருக்கும்.

டெக்சாமெத்தசோன் என்றால் என்ன?

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். இவை கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அழற்சியை, அதாவது வீக்கம், வலி, சிவத்தல் ஆகியவற்றை அடக்குவது கார்டிசோலின் வேலைகளில் ஒன்று. அதே வேலையைச் செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துதான் டெக்சாமெத்தசோன். இயற்கையான கார்டிசோலைவிட இதற்கு அழற்சியை அடக்கும் ஆற்றல் ஏறத்தாழ 25 மடங்கு அதிகம். இந்த வகை மருந்துகளுக்குக் குளுக்கோகார்ட்டிகாய்டு என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் இன்னொரு வீரரின் கதையிலும் இது வரும்.

இது விஷம் அல்ல, நல்ல மருந்து. கோவிட்-19 பரவிய 2020-ஆம் ஆண்டில், செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட நோயாளிகள் பலரின் உயிரைக் காக்க இது உதவியது. பிறகு ஏன் விளையாட்டில் தடை? வலியையும் சோர்வையும் இது மறைத்துவிடும். எனவே போட்டி நடக்கும் நாள்களில் இதை விழுங்கவோ ஊசியாகப் போட்டுக்கொள்ளவோ அனுமதி இல்லை. போட்டி இல்லாத நாள்களில் காயத்துக்கு மருத்துவர் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஒரே மருந்து ஒரு நாள் குற்றமில்லை. இன்னொரு நாள் குற்றம்.

ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விளையாட்டாளர் கொடுக்கும் சிறுநீரை அவர் கண்முன்னே இரண்டு புட்டிகளில் ஊற்றி முத்திரையிடுவார்கள். ஒன்று ‘ஏ’ மாதிரி, மற்றொன்று ‘பி’ மாதிரி. புட்டியில் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். சோதிப்பவருக்கு அது உலக வெற்றியாளருடையதா, புதிய ஆட்டக்காரருடையதா என்று தெரியாது. ரசிகருக்கு இல்லாத ஒரு வசதி இது: ஆய்வகத்துக்கு யார்மீதும் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

வடிதாளில் மைப்பொட்டு வைத்து, நீரில் நிறுத்தி, வண்ணங்கள் பிரிவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதுதான் குரோமட்டோகிராஃபி. சிறுநீரில் உள்ள ஆயிரக்கணக்கான பொருள்களையும் முதலில் அதே தத்துவத்தில்தான் பிரிக்கிறார்கள். பிறகு நிறை நிறமாலைமானி என்ற கருவி ஒவ்வொரு பொருளின் மூலக்கூற்றையும் துண்டுகளாக உடைத்து, அத்துண்டுகளின் நிறையை அளக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய முறையில் உடையும். கைரேகை போல அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு சிறிய அளவை இக்கருவி பிடிக்கும்? 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒலிம்பிக் நீச்சல் குளத்தை எண்ணிப் பாருங்கள். அதில் 250 கோடி மில்லிலிட்டர் தண்ணீர் இருக்கும். அரைத் தேக்கரண்டி சீனியை, அதாவது 2.5 கிராமை, அதில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் சீனி கிடைக்கும். இந்த அளவில் உள்ள பொருள்களையும் இன்றைய கருவிகள் கண்டுபிடிக்கின்றன.

கருவி சொல்லாத பதில்

“உடலில் மருந்து இருந்ததா?” என்ற கேள்விக்குக் கருவி தெளிவாகப் பதில் சொன்னது: இருந்தது. “எப்படி உள்ளே போனது?” என்று கேட்டால் கருவியிடம் பதில் இல்லை.

விளையாட்டு விதியில் இதற்கு ஒரு கடுமையான கொள்கை உண்டு. உடலுக்குள் என்ன இருந்தாலும் அதற்கு விளையாட்டாளரே பொறுப்பு. “எனக்குத் தெரியாது” என்பது பதில் ஆகாது. எப்படி வந்தது என்று விளக்கி, அந்த விளக்கத்துக்குச் சான்று காட்டும் கடமையும் அவருடையதே.

2015 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் விசாரணை நடந்தது. அந்தக் குழு சான்றுகளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. லீ சோங் வெய் கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையால் ஆன சத்துணவை உறைமாத்திரைகளாக உட்கொண்டு வந்தார். அந்த மாத்திரையின் ஜெலட்டின் உறை வழியாகவே டெக்சாமெத்தசோன் உள்ளே போனது. ஏமாற்றும் நோக்கம் இதில் இல்லை என்று குழு தீர்மானித்தது.

ஆனாலும் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. தான் உட்கொள்வதைப் பற்றிக் கவனமாக இருக்கத் தவறினார் என்று 8 மாதத் தடை விதித்தது. தடை 2014 ஆகஸ்டு 30 முதல் கணக்கிடப்பட்டதால் 2015 மே மாதம் அவர் மீண்டும் ஆட முடிந்தது. கோப்பன்ஹேகன் வெள்ளிப் பதக்கம் பறிபோனது. மறு ஆண்டு ரியோவில் அவர் அரையிறுதியில் லின் டானை வென்று மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளியைப் பெற்றார்.

இங்கே கவனியுங்கள். “அவர்மீது எந்தத் தவறும் இல்லை” என்றவர்களும் முழுச் சரியில்லை. “ஏமாற்றுக்காரர்” என்றவர்களும் சரியில்லை. கவனக்குறைவு வேறு, ஏமாற்று வேறு.

சோதனையில் தேறிய மாவீரர்

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று சைக்கிளோட்ட உலகில் உண்டு. உலகின் மிகப் பெரிய சாலை சைக்கிளோட்டப் போட்டி ‘டூர் டி பிரான்ஸ்’. அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை அதில் தொடர்ந்து 7 முறை வென்றார். அதற்குமுன் 1996-இல் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து பிழைத்து வந்து வென்றவர். அவரது அறக்கட்டளையின் மஞ்சள் நிற ரப்பர் கைவளையத்தைக் கோடிக்கணக்கானோர் வாங்கினார்கள். அவரைச் சந்தேகித்தவர்களிடம் அவருடைய ரசிகர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “எத்தனையோ சோதனைகளில் தேறிவிட்டாரே!”

1999 போட்டியில் அவருடைய சிறுநீரில் மிகச் சிறிய அளவில் ஒரு மருந்து தென்பட்டது. அது என்ன வகை தெரியுமா? அதே குளுக்கோகார்ட்டிகாய்டு வகைதான். சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்து ஏற்பட்ட புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று விளக்கம் கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டும் காட்டினார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தச் சீட்டு பழைய தேதியிட்டுப் பிறகு தயாரித்தது என்று அவரது குழுவில் வேலை செய்த பெண் ஒருவர் பின்னாளில் சாட்சி சொன்னார்.

2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 26 பேரின் சாட்சியத்தை வெளியிட்டது. அவர்களில் 11 பேர் அவருடன் ஒரே குழுவில் ஓட்டியவர்கள். ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் சோதனைகளில் எப்படித் தேறினார்? அவர் பயன்படுத்தியவற்றுள் முக்கியமானது எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன், சுருக்கமாக இ.பி.ஓ. நம் சிறுநீரகங்களே இதைச் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜையை அதிகச் சிவப்பணுக்கள் உருவாக்கச் சொல்லும் செய்தி இது. சிவப்பணு கூடினால் தசைகளுக்குப் போகும் ஆக்ஸிஜன் கூடும்; மலை ஏறும்போது களைப்பு தாமதமாக வரும். இரத்தம் கெட்டியாகி இதயத்துக்கு ஆபத்து வருவதும் அதனால்தான். வெளியிலிருந்து செலுத்திய இ.பி.ஓ.வைச் சிறுநீரில் கண்டறியும் சோதனை 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் அறிமுகமானது. 1999-இல் அப்படி ஒரு சோதனையே இல்லை. தேடாத பொருள் கிடைக்காமல் போவதில் என்ன வியப்பு?

இப்போது இரண்டு கதைகளையும் அருகருகே வையுங்கள். ஒருவர் சோதனையில் சிக்கினார், ஏமாற்றவில்லை. மற்றவர் சோதனைகளில் தேறினார், ஏமாற்றினார். சோதனை முடிவு ஒரு சான்று. அதுவே முழுத் தீர்ப்பு அல்ல.

இரத்தம் எழுதும் நாட்குறிப்பு

இ.பி.ஓ. சோதனை வருவதற்கு முன் சைக்கிளோட்டச் சம்மேளனம் 1997-இல் ஒரு தற்காலிக வழியைக் கொண்டுவந்தது. இரத்தத்தின் மொத்தக் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதற்கு ஹீமாட்டோகிரிட் என்று பெயர். அது 50 விழுக்காட்டைத் தாண்டினால் வீரர் ஓட்டக்கூடாது. 1999 இத்தாலிப் போட்டியில் முன்னணியில் இருந்த மார்கோ பந்தானி 52 விழுக்காடு காட்டியதால் வெளியேற்றப்பட்டார். அந்நாட்டு ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

இந்த விதியில் ஓர் ஓட்டை உண்டு. இயற்கையாகவே 51 உள்ளவர் குற்றம் செய்யாமலே மாட்டிக்கொள்வார். இயற்கையாக 42 உள்ளவர் மருந்து போட்டு 49-க்கு ஏற்றிக்கொண்டு சிரித்தபடி ஓட்டுவார். எல்லாருக்கும் ஒரே கோடு போட்டதுதான் குறை.

2008-இல் சைக்கிளோட்டம் வேறு வழிக்கு மாறியது. அதன் பெயர் உயிரியல் கடவுச்சீட்டு. ஒருவருடைய இரத்த அளவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்து, அவரை அவருடனேயே ஒப்பிடுவார்கள். கணிதத்தில் எப்போதும் 60 வாங்கும் மாணவர் ஒரே மாதத்தில் 98 வாங்கினால் ஆசிரியர் என்ன செய்வார்? வேறு மாணவரோடு ஒப்பிட மாட்டார். இவருடைய பழைய தாள்களை எடுத்துப் பார்ப்பார். அதே முறைதான்.

புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களையும் எண்ணுவார்கள். இ.பி.ஓ. போட்டால் இளம் அணுக்கள் பெருகும். சேமித்த தன் இரத்தத்தையே ஒருவர் திரும்ப ஏற்றிக்கொண்டால், உடல் “போதும்” என்று உற்பத்தியைக் குறைப்பதால் இளம் அணுக்கள் குறையும். ஆயினும் மாற்றம் தெரிந்தவுடன் தண்டனை இல்லை. உயரமான மலையில் தங்கிப் பயிற்சி செய்தாலும், உடலில் நீர் வற்றினாலும் அளவுகள் மாறும். அதனால் வல்லுநர்கள் பார்த்த பிறகே முடிவு.

“இவ்வளவு வேகமா?” என்ற சந்தேகம்

நம் நாட்டில் 1996 முதல் நடந்துவரும் லங்காவி சைக்கிளோட்டப் போட்டியில் கெந்திங் மலை ஏற்றம் புகழ்பெற்றது. ஒரு வீரர் மற்றவர்களை விட்டுவிட்டு மலைமேல் பறந்தால் ரசிகர் ஒருவர் கைதட்டுவார், பக்கத்தில் இருப்பவர் “மருந்தாக இருக்குமோ?” என்பார். சிலர் நேரத்தை அளந்து, வீரரின் திறனை வாட்டில் கணக்கிட்டு, “இது மனிதனால் முடியாது” என்று முடிவும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கை நாமும் போடலாம். அதற்குப் பத்துமலை போதும்.

பத்துமலையில் 272 படிகள். ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என வைத்துக்கொண்டால் மொத்த உயரம் 40.8 மீட்டர். உங்கள் நிறை 50 கிலோகிராம், ஏற எடுத்த நேரம் 200 விநாடி என்று கொள்வோம்.

செய்த வேலை = 50 × 9.8 × 40.8 = ஏறத்தாழ 20,000 ஜூல்.
திறன் = 20,000 ÷ 200 = 100 வாட்.

இப்போது படியின் உயரம் 15 இல்லை, 16 செ.மீ. என்று மாற்றுங்கள். திறன் 107 வாட் ஆகிவிடும். ஒரே ஒரு சென்டிமீட்டர் ஊகம் மாறியதால் நீங்கள் 7 விழுக்காடு பலசாலி ஆகிவிட்டீர்கள்! மலைச் சாலையில் காற்று பின்னாலிருந்து தள்ளியதா, வீரரின் உண்மையான நிறை என்ன, முன்னால் போனவரின் மறைவில் ஓட்டினாரா என்பதெல்லாம் சேரும்போது பிழை இன்னும் பெருகும். இந்தக் கணக்கு “இவரைக் கூடுதலாகச் சோதியுங்கள்” என்று சொல்லப் போதும். “இவர் குற்றவாளி” என்று சொல்லப் போதாது.

டூர் டி பிரான்ஸ் போட்டியை 4 முறை வென்ற பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் இந்தச் சந்தேகத்தின் நடுவிலேயே ஓட்டினார். 2015-இல் பார்வையாளர் ஒருவர் தன்மீது சிறுநீரை வீசி “மருந்துக்காரா” என்று கத்தியதாக அவர் சொன்னார். 2017-இல் ஸ்பெயின் போட்டியில் அவரது சிறுநீரில் ஆஸ்துமா மருந்தான சல்புட்டமோல் மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராம் இருந்தது. அனுமதித்த அளவு 1,000 மட்டுமே. செய்தி வெளியானதும் பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரு பொட்டலம் மைலோவை முழுக் குவளை நீரில் கலக்குவதும் அரைக் குவளையில் கலக்குவதும் ஒன்றா? வெயிலில் பல மணி நேரம் ஓட்டி நீர் வற்றிய உடலில் சிறுநீர் கெட்டியாகிவிடும். அதே அளவு மருந்து இரட்டிப்பாகத் தெரியும். பல மாத ஆய்வுக்குப் பின், 2018 ஜூலை 2 அன்று, விதிமீறல் இல்லை என்று வழக்கு முடிக்கப்பட்டது.

நம் வீட்டு மருந்துப் பெட்டி

இதெல்லாம் உலக வீரர்களின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பாசார் மாலாமிலும் இணையத்திலும் “மூட்டு வலிக்கு மூன்றே நாளில் குணம்” என்று விற்கும் பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ‘மூலிகை மட்டுமே’ என்று அட்டையில் எழுதியிருக்கும். பாட்டிக்கு வலி உடனே குறையும். அதனால் நம்பிக்கை வரும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் வீங்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். அட்ரீனல் சுரப்பியும் தன் வேலையை மறந்துவிடும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

எனவே வீட்டில் உள்ள மாத்திரைப் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? இல்லாவிட்டால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பள்ளி அணியில் ஓடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் யாராவது கொடுக்கும் ‘சத்து’ மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். உலகின் முதல்நிலை வீரருக்கே ஒரு மாத்திரை உறை 8 மாதத்தைப் பறித்தது.

ரசிகர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு வீரரை நேசிப்பது தவறில்லை. சந்தேகப்படுவதும் தவறில்லை, ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தது சந்தேகப்பட்டவர்களின் விடாமுயற்சிதான். இரண்டில் எது இருந்தாலும், தீர்ப்புச் சொல்லுமுன் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. என்ன பொருள், எவ்வளவு இருந்தது? அல்லது, இல்லை என்றால், அதைத் தேடும் சோதனை நடந்ததா?
2. அது எப்படி உள்ளே வந்தது என்று விளக்கம் இருக்கிறதா?
3. அந்த விளக்கத்தை வேறு யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். லீ சோங் வெய்யின் விளக்கம் விசாரணையில் ஆராயப்பட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் களிம்புக் கதையை 1999-இல் யாரும் சரியாக ஆராயவில்லை. நாம் நேசிக்கும் வீரருக்கும், நமக்குப் பிடிக்காத வீரருக்கும் இந்த மூன்று கேள்விகளை ஒரே மாதிரி கேட்கிறோமா? அதுதான் நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய சோதனை.

செய்து பாருங்கள்

• பத்துமலையிலோ உங்கள் பள்ளி மாடிப்படியிலோ ஒரு படியின் உயரத்தை அளந்து, இயல்பாக நடந்து ஏறி, உங்கள் திறனைக் கணக்கிடுங்கள். ஓட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் நேரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

• வீரரும் சைக்கிளும் சேர்ந்து 68 கிலோகிராம். 1,000 மீட்டர் உயரத்தை 40 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் எத்தனை வாட் திறன் தேவை? (விடை: ஏறத்தாழ 278 வாட்)

• ‘சோதனையில் சிக்காதவர் குற்றமற்றவர்’ என்ற கூற்று ஏன் எப்போதும் சரியாகாது? இக்கட்டுரையிலிருந்து ஒரு காரணத்தை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.